வௌவாலுக்குக் கண் தெரியும்: சின்னப் பிள்ளைகளுக்கு இரவு விலங்குகளைச் சொல்லிக்கொடுக்க

இரவு விலங்குகள் என்று பேச்செடுத்தால் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் காதில் விழுவது நாலைந்து வசனங்கள்தான். வௌவாலுக்குக் கண் தெரியாது. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. பூனையின் கண்ணிலிருந்து வெளிச்சம் வரும். ஆந்தை கத்தினால் ஊரில் யாரோ சாகப்போகிறார்கள். சாப்பிடாவிட்டால் மரநாய் வந்து பிடித்துக்கொண்டு போய்விடும். முதல் மூன்றும் பிழை. நாலாவது மூடநம்பிக்கை. ஐந்தாவது சோறு தீத்துவதற்காக நாங்களே கண்டுபிடித்தது.

முன்பள்ளியில் இது கொஞ்சம் நாகரிகமாக நடக்கும். சுவரில் ஒரு படம் தொங்கும்: கறுப்பு வானம், பிறைநிலா, ஓர் ஆந்தை, ஒரு வௌவால், மூலையில் இலங்கையிலேயே இல்லாத ரக்கூன். "இவை இரவில் விழித்திருக்கும்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால் பாடம் முடிந்தது. ஏன் விழித்திருக்கின்றன, இருட்டில் எப்படிச் சமாளிக்கின்றன, இரவு வந்துவிட்டது என்று அவற்றுக்கு யார் சொன்னது? நாலு வயதுப் பிள்ளை கேட்க விரும்புவது இதைத்தான். பதில் சொல்ல வேண்டிய பெரியவருக்கு முதலில் விஷயம் பிடிபட வேண்டும். ஆகவே இது வீட்டிலுள்ள அம்மா, அப்பா, அம்மம்மாவுக்கும், முன்பள்ளி ரீச்சருக்கும், முதலாம் இரண்டாம் தரங்களில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் படிப்பிக்கிறவர்களுக்கும் எழுதியது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே எடுத்துவிடுவோம். இரவு விலங்கு என்றால் இருட்டில் நன்றாகக் கண் தெரிகிற விலங்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். கண் அந்தக் கதையில் ஒரு பங்கு மட்டும்தான். இரவில் இயங்கும்படி உடம்பின் நேரம் அமைந்த விலங்கைத்தான் இரவாடி என்கிறோம். கண் நல்லதா, மோசமா என்பது பிறகு வரும் கேள்வி.

நைற் டியூட்டியில் தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் எந்த வகுப்பை எடுத்தாலும், பெரியாஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு சித்தியோ மாமியோ யாராவது ஒரு பிள்ளைக்கு இருப்பார். அவர் பின்னேரம் குளித்து, சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிடுவார். விடிந்த பிறகு திரும்பி வந்து, யன்னலைச் சாத்திவிட்டு மத்தியானம் வரை நித்திரை கொள்ளுவார். அவரை ஒருவரும் சோம்பேறி என்று சொல்லுவதில்லை. நித்திரையே கொள்ளாதவர் என்றும் சொல்லுவதில்லை. வேலை நேரம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாட்டும் கட்டிலும் அதேதான், நிற்கிற ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிப்போங்கள். அந்த மாமரத்தில் பகல் முழுக்க அணிலும் காகமும் கிளியும். வேலியோரம் கீரி, ஓணான். பொழுதுபட்டதும் இவை ஒவ்வொன்றாக ஒதுங்கும். பிறகு அதே மாமரத்துக்கு வௌவால் வரும், அதே வேலியால் மரநாய் நடக்கும், ஓணான் இருந்த சுவரில் பல்லி ஏறும், வண்ணத்துப்பூச்சி வந்த இடத்துக்கு அந்துப்பூச்சி வரும். "அணில் வீட்டுக்குப் போன பிறகு இந்த மரத்துக்கு யார் டியூட்டிக்கு வருவார்?" என்று கேட்டால் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் விஷயம் பிடித்துவிடும். படத்திலுள்ள ரக்கூன் தேவைப்படாது.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: இவை ஏன் இரவை எடுத்தன?

சித்திரை மாதத்து யாழ்ப்பாண வெயிலில் செருப்பில்லாமல் நின்ற பிள்ளைக்கு முதல் காரணத்தை விளக்கவே வேண்டியதில்லை. தேரையின் தோல் ஈரமாக இருக்க வேண்டும். மண்புழுவும் அப்படித்தான். மத்தியான மணலில் இரண்டும் காய்ந்துபோகும். இன்னொரு காரணம் சாப்பாடு. பகலில் ஒரு பழத்துக்குப் பத்துப்பேர் போட்டி, இரவில் ஆட்கள் குறைவு. சில பூக்கள் இரவுக்காரர்களுக்கென்றே விரிகின்றன. கோயிலடி இலுப்பையின் பூவைத் தேடி வௌவால் வரும். பவளமல்லி பொழுதுபட்டு விரிந்து, விடியக் கொட்டிவிடும். வெள்ளை நிறமும் வாசமும் இருட்டில் பூச்சிகளைக் கூப்பிடத்தான். பூசைக்குப் பிள்ளை பொறுக்கும் பவளமல்லி, வேலை முடித்துவிட்டு விழுந்த பூ.

மற்றது, பகையிடமிருந்து ஒளிப்பது. பருந்தும் காகமும் நித்திரையாக இருக்கும்போது எலிக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆந்தையும் பாம்பும் காத்திருப்பதால் அந்த நிம்மதியும் அரைகுறைதான்.

டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் இதையும் சொல்லலாம். பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரவில் இயங்குபவை. டைனோசர்கள் பகலை ஆண்ட காலத்தில் ஆரம்பப் பாலூட்டிகள் சிறிய உடம்போடு இரவில் ஒதுங்கி வாழ்ந்தன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பிறகே அவற்றில் பல பகலுக்கு வந்தன என்பது விஞ்ஞானிகளிடையே பரவலான கருத்து. ஆனால் டைனோசர் பெயரை எடுத்தால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது. அது உங்கள் பொறுப்பு.

இதுவரை சொன்னதைப் பிள்ளைக்கு ஏற்றபடி சுருக்கினால்: இரவு விலங்குகளும் நித்திரை கொள்ளும், பகலில் கொள்ளும். ஒரே வளவில் இரண்டு கூட்டம் நேரம் மாற்றி வாழ்கிறது.

சித்திக்கும் வௌவாலுக்கும் உள்ள வித்தியாசம்

நைற் டியூட்டி ஒப்பீடு ஓர் இடத்தில் உடையும். அந்த இடத்தில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது.

விடியப்புறம் மூன்று மணிக்குச் சித்திக்குக் கண் சொருகும். தேத்தண்ணி குடித்துச் சமாளிப்பார். பகலில் படுத்தாலும் இரவு நித்திரை போல வராது. ஏனென்றால் அவருடைய உடம்பு பகலுக்கு அமைந்தது, அதோடு மல்லுக்கட்டித்தான் அவர் வேலை செய்கிறார். வௌவாலுக்கு இந்த மல்லுக்கட்டு இல்லை. மூன்று மணி அதற்கு வேலைநேரத்தின் நடுப்பகுதி.

பெரும்பாலான உயிர்களின் உடம்புக்குள்ளும் ஏறக்குறைய 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடம்பு சூடாக வேண்டும், எப்போது நித்திரை வர வேண்டும் என்பதை அது நடத்துகிறது. இதற்கு உடற்கடிகாரம் என்று பெயர். பாலூட்டிகளில் இதன் தலைமை நிலையம் மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மிகச் சிறிய ஒரு நரம்புக் கூட்டமாக இருக்கிறது. கண்ணுக்குள் வரும் ஒளி நாளுக்கு நாள் அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்கிறது.

"வெளியே இருட்டினதைப் பார்த்துவிட்டுத்தானே வௌவால் எழும்புகிறது, இதில் கடிகாரம் எங்கே வந்தது?" என்று கேட்கலாம். இதே சந்தேகம் 1729இல் பிரான்சில் ழான்-ழாக் த மேரான் என்பவருக்கு ஒரு செடியைப் பார்த்து வந்தது. அந்தச் செடி பகலில் இலையை விரித்து, இரவில் மூடியது. வெயிலைப் பார்த்துத்தான் விரிக்கிறதா என்று அறிய, அதை இருட்டான இடத்தில் வைத்தார். வெளிச்சமே இல்லாமலும் அது நேரத்துக்கு விரித்தது, நேரத்துக்கு மூடியது. நேரம் செடிக்குள்ளேயே இருந்தது. பிற்காலத்தில் பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் என்ற மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பிள்ளைக்கு நோபல் பரிசு வேண்டாம், ஒரு புளியமரம் போதும். பொழுதுபடப் புளியமரத்தின் சின்ன இலைகள் சோடி சோடியாக மடிந்துகொள்வதைக் காட்டுங்கள். தொட்டாற்சுருங்கியும் இரவில் யாரும் தொடாமலே சுருங்கும். "மரமும் நித்திரை கொள்ளுமா?" என்று பிள்ளை கேட்டால், அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். புளியமரத்தில் பேய் இருக்கிறது என்ற கதை வரப்பார்க்கும். வந்தால் வரட்டும், இலையைக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு இன்னும் ஒன்று. இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலற்றோனின் என்ற பொருளை நித்திரை ஹோர்மோன் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது இரவு விலங்குகளின் உடம்பிலும் இரவில்தான் சுரக்கிறது. அப்படியென்றால் அது சொல்லும் செய்தி "நித்திரை கொள்" என்பது அல்ல, "இரவு வந்துவிட்டது" என்பது மட்டும்தான். அதைக் கேட்டு நாங்கள் பாயை விரிக்கிறோம், எலி வளையை விட்டு வெளிக்கிடுகிறது. ஒரே மணிக்கு இரண்டு உடம்பு இரண்டு விதமாக நடந்துகொள்கிறது.

மைமல் நேரத்தார்

உலகம் பகல், இரவு என்று இரண்டாக மட்டும் பிரிவதில்லை. மைமல் என்கிற செக்கல் பொழுதிலும் விடியப்புறத்திலும் சுறுசுறுப்பாகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டுப் பூனை இந்தக் கூட்டம்தான். பகலிலும் படுக்கும், சாமத்திலும் படுக்கும், மைமலில் வாலை நிமிர்த்திக்கொண்டு வெளிக்கிடும். முயலும் அப்படியே. ஆகவே பூனையை இரவு விலங்குப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

இதற்கு நல்ல உதாரணம் நுளம்பு. நுளம்பு என்றால் இரவில் கடிப்பது என்று நினைத்துக்கொண்டு பகலில் பிள்ளையை வலையில்லாமல் படுக்கப்போடுகிறோம். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த கையோடும், பொழுதுபடுவதற்கு முன்னும் அதன் வேகம் கூட. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு இரவுக்காரர். மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸும் மைமலிலிருந்து விடியும்வரை கடிக்கும் வகை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் சான்று தந்தது, டெங்கு மட்டும் எங்களை விட்டபாடில்லை. நேரத்தைத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவு இல்லை என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டாம்.

கண்: மின்னுவதும் தெரிவதும்

சரி, இப்போது கண்ணுக்கு வருவோம்.

இரவில் பூனையின் மீது ரோச் லைற்றை அடித்தால் இரண்டு பச்சைப் பொட்டு மின்னும். வெளிச்சம் அதன் கண்ணிலிருந்து வரவில்லை. நீங்கள் அடித்த வெளிச்சம் திரும்பி வருகிறது. கண்ணின் உள்ளே, பின்பக்கத்தில், ஒளி விழுந்து படம் பதியும் மெல்லிய பகுதிக்கு விழித்திரை என்று பெயர். பூனைக்கு அந்த விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு படலம் இருக்கிறது. முதல் தடவை பிடிபடாமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்புகிறது, விழித்திரைக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடைக்கிறது. ரோச்சை அணைத்தால் மின்னலும் போய்விடும். பிள்ளையை வைத்தே அணைத்து அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் படலம் நாய்க்கும் உண்டு, வன்னிக் காட்டுத் தேவாங்குக்கும் உண்டு, பட்டியில் கட்டியிருக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட உண்டு. ஆகவே கண் மின்னுவதெல்லாம் இரவு விலங்கு என்று முடிவுகட்ட முடியாது.

விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் கலங்கள் இரண்டு வகை. நிறம் பார்ப்பவை கூம்புக் கலங்கள், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலிலும் வேலை செய்பவை கோல் கலங்கள், அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. மனிதரின் ஒரு கண்ணில் கோல் கலங்கள் சுமார் 12 கோடி, கூம்புக் கலங்கள் சுமார் 60 இலட்சம். இரவு விலங்குகள் பலவற்றில் கோல் கலங்களின் பங்கு இன்னும் கூட. அதோடு கண்ணும் பெரியது, ஒளி நுழையும் வாசலாகிய கண்மணியும் அகல விரியும். தேவாங்கின் முகத்தைப் பார்த்தால் கண்ணை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் முகத்தைச் செய்தது போலிருக்கும்.

கண்மணி விரிவதை வீட்டிலேயே காட்டலாம். விறாந்தை மின்குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிச்சத்தில் அதன் கண்மணி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடாக ஒடுங்கியிருக்கும். இருட்டில் அதே கோடு அகன்றுவிடும். இன்னும் கொஞ்சம் பொறுத்து நின்றால், பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கித் துடைக்கும். அதற்கு இமை இல்லை. இதைக் கண்ட பிள்ளை அடுத்த ஒரு கிழமைக்குத் தன் நாக்கைக் கண்வரை கொண்டுபோக முயற்சி செய்துகொண்டிருக்கும்.

முழு இருட்டில், ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாத இடத்தில், எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. ஆந்தையாலும் முடியாது. இரவு வானத்தில் நட்சத்திர வெளிச்சமாவது இருப்பதால்தான் அவை கண்ணால் சமாளிக்கின்றன.

எங்கள் கண்ணும் அவ்வளவு மோசமில்லை. 90களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கோடு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: விளக்கை ஊதி அணைத்ததும் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் போக முற்றமும் கிணற்றடியும் தானாகவே உருவம் எடுக்கும். கோல் கலங்கள் முழுமையாகத் தயாராக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். இன்றைய பிள்ளையின் அறையில் சார்ஜரின் நீலப் பொட்டாவது எரிந்துகொண்டிருக்கும், அதனால் அதற்கு இந்த அனுபவமே இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் கதை சொல்லுங்கள். பிறகு சிவப்பு, நீலம், பச்சைத் துணித்துண்டுகளைக் கையில் கொடுத்து நிறம் கேளுங்கள். துணி தெரியும், நிறம் தெரியாது. கோல் கலத்துக்கு நிறம் தெரியாது என்று பத்துத்தரம் சொல்வதைவிட இது நன்றாக ஏறும். இருட்டுப் பயமும் கொஞ்சம் தெளியும்.

கண்ணை நம்பாதவர்கள்

இங்கேதான் வௌவால் வருகிறது. எங்கள் ஊரில் இரண்டு விதமான வௌவால்களைக் காணலாம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிழை.

மாமரத்துக்கு வரும் பெரிய பழந்தின்னி வௌவால் இறக்கையை விரித்தால் நாலடிக்கு மேல் இருக்கும். அதற்குக் கண் நன்றாகவே தெரியும். பெரிய கண், நல்ல மூக்கு, இந்த இரண்டையும் வைத்துத்தான் பழத்தைத் தேடுகிறது. பழைய கட்டடங்களிலும் கோபுர இடுக்குகளிலும் இருந்து மைமலில் கிளம்பி, தலைக்கு மேல் வெட்டி வெட்டிப் பறக்கும் சின்ன வௌவால்கள் பூச்சி பிடிப்பவை. அவற்றுக்கும் கண் உண்டு. ஆனால் வேட்டைக்கு நம்புவது காதை. பறந்துகொண்டே மிக உயர்ந்த சுருதியில் கத்தும். அந்தச் சத்தம் பூச்சியில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தையும், வந்த விதத்தையும் வைத்துப் பூச்சி எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் போகிறது என்று அறியும். இதற்கு எதிரொலியால் இடமறிதல் என்று பெயர். வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது, இவற்றின் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலே. ஆகவே அமைதியாகப் பறக்கிறது என்று நாங்கள் நினைக்கும் வௌவால் உண்மையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகிறது. பூச்சியை நெருங்கும்போது வினாடிக்கு 200 தரம் வரை கத்தும்.

இதை விளையாட்டாக்கலாம். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி வௌவால் ஆக்குங்கள். அது "வௌவால்" என்று கூப்பிடும்போதெல்லாம் மற்றவர்கள் "பூச்சி" என்று பதில் சொல்ல வேண்டும். சத்தத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். உண்மையில் பூச்சி பதில் சொல்லுவதில்லை, வௌவாலின் சத்தம்தான் திரும்பி வருகிறது என்பதை விளையாட்டு முடிந்த பிறகு சொன்னால் போதும்.

ஆந்தைக்குக் கண்ணும் காதும் இரண்டும் கூர்மை. கண் மிகப் பெரியது, ஆனால் குழியில் இறுகியிருப்பதால் உருட்ட முடியாது. அதனால் கழுத்தைத் திருப்புகிறது, ஏறக்குறைய 270 பாகை வரை. எங்களுக்குக் கழுத்தில் ஏழு எலும்பு, ஆந்தைக்குப் பதினாலு. கூகை என்ற வெள்ளை முக ஆந்தையின் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. சத்தம் ஒரு காதுக்கு மற்றதைவிடச் சற்று வேறுபட்டுக் கேட்பதால், எலி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றுகூட அதற்குத் தெரியும். வெளிச்சமே இல்லாத அறையிலும் அது சத்தத்தை வைத்து எலியைப் பிடித்ததைப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்பதும் கதைதான். நன்றாகத் தெரியும். வெளியே வந்தால் காகங்கள் கூட்டமாகத் துரத்தும், அதனால் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தவர் மூஞ்சூறு. பிள்ளையாருடைய வாகனம் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். குசினிச் சுவரோரம் கீச்சுக் கீச்சென்று ஓடும் இதன் கண் கடுகளவு, பார்வையும் மங்கல். நீண்ட மூக்கு, மீசை, காது, இவற்றோடு இருட்டில் முழு வாழ்க்கையையும் நடத்துகிறது. இரவு விலங்கு என்றால் இருட்டில் கண் தெரிகிற விலங்கு என்று யாராவது சொன்னால் மூஞ்சூறைக் காட்டுங்கள். எலி என்று நினைத்து இதை அடித்துக் கொல்லுகிறோம். இது எலிக் குடும்பமே இல்லை. கரப்பானையும் பூச்சிகளையும் தின்பது. தாய் இடம் மாறும்போது ஒரு குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்வும், அடுத்தது அந்தக் குட்டியைக் கவ்வும், இப்படி எல்லாம் ஒரே கோர்வையாக ஓடும். முன்பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சுருக்கமாக: இரவில் வாழக் கண் ஒரு வழி, காது ஒரு வழி, மூக்கும் மீசையும் ஒரு வழி. ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ளதை வைத்துச் சமாளிக்கிறது.

எதற்குப் பயப்பட வேண்டும்

சாக்குருவி கத்தினால் சாவு என்பதைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லாமல் இருப்பது நல்லது. இரவில் ஊர் அமைதியாக இருப்பதால் ஆந்தையின் குரல் தூரத்துக்குக் கேட்கிறது. வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் ஆட்கள் விழித்திருப்பதால் அது அவர்கள் காதில் விழுகிறது. மற்ற வீடுகளில் நித்திரை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இரவில் பயப்பட வேண்டிய ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பொய்ப் பயங்களை நாங்கள் அதிகம் சொல்லுவதால் அது அடிபட்டுப் போகிறது. முத்திரைப் புடையன் பெரும்பாலும் மைமலிலும் இரவிலும் நடமாடும். கட்டு விரியன், எட்டடி விரியன் என்று சொல்லப்படும் பாம்பு முழு இரவுக்காரர். அது வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவர்களை நித்திரையிலேயே கடித்துவிடுவதுண்டு. வலி அதிகம் இருக்காது, கடித்த அடையாளமும் வடிவாகத் தெரியாது. ஆகவே இரவில் வெளியே கால்வைத்தால் செருப்பும் ரோச் லைற்றும். நிலத்தில் படுத்தால் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிவிட வேண்டும். விடியப்புறம் காரணமில்லாத வயிற்றுவலியோ, இமை தொங்குவதோ இருந்தால் விஷகடி வைத்தியம் தேடி அலையாமல் நேரே ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு இதில் "செருப்பு, ரோச்" என்ற இரண்டு சொல் போதும்.

செய்து பார்க்க

இரவு விலங்கைக் காட்டப் பிள்ளையைச் சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை. காலையில் முற்றம் கூட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். முதல்நாள் பின்னேரம் கூட்டிவிட்ட மணல் முற்றத்தில் இரவு நடந்தவர்களின் தடம் அப்படியே இருக்கும். பூனையின் தடத்தில் நகம் தெரியாது, நாயின் தடத்தில் தெரியும். மாமரத்துக்குக் கீழே சப்பித் துப்பிய சக்கை உருண்டைகள் கிடந்தால் வௌவால் வந்து போயிருக்கிறது. அது சாற்றைக் குடித்துவிட்டு நாரைத் துப்பிவிடும். மதிலில் விதைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய். பனம்பழக் காலத்தில் அதற்குக் கொண்டாட்டம், கள்ளு முட்டியையும் விட்டுவைக்காது. குச்சியால் கிளறிப் பார்க்கலாம், கையால் வேண்டாம். பிறகு விளக்குமாற்றை எடுங்கள்.

மைமலில் பார்க்க ஆசைப்பட்டால், ரோச் லைற்றின் முகத்தில் பட்டம் கட்டும் சிவப்பு ரிசுப் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். இரவு விலங்குகள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது, அதனால் அவ்வளவாக மிரளாது. எங்கள் கண்ணும் இருட்டுப் பழக்கத்தை விடாது.

பிள்ளைகள் கேட்பவை

*வௌவால் தலைகீழாகத் தொங்கினால் கை நோகாதா?* அது தொங்குவது காலில். உடம்பின் பாரமே காலின் தசைநாரை இழுத்து நகத்தைப் பூட்டிவிடும். பிடித்துக்கொண்டிருக்கச் சக்தி தேவையில்லை, விடுவதற்குத்தான் தேவை.

*எனக்கு ஏன் இரவில் ஆந்தை மாதிரிக் கண் தெரியாது?* மனிதர் பகல் விலங்கு. ஆனால் மைமலில் வழமையைவிட அதிகமாகத் தடுமாறும் பிள்ளையைக் கவனியுங்கள், அது மாலைக்கண்ணாக இருக்கலாம். கோல் கலங்களுக்கு விற்றமின் ஏ வேண்டும். முருங்கையிலை, பப்பாசி, கரட், முட்டை ஆகியவற்றில் அது கிடைக்கும். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

*பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது?* விளக்கை நிலா என்று நினைக்கிறது என்றுதான் முன்பு சொல்லுவார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேகமான கமராவால் படம் பிடித்துப் பார்த்ததில், பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொள்வது தெரிந்தது. இயற்கையில் இரவிலும் வெளிச்சம் வானத்திலிருந்துதான் வரும், ஆகவே முதுகை அந்தப் பக்கம் வைத்தால் நேராகப் பறக்கலாம். பக்கத்தில் மின்குமிழ் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டிக் காட்டி, சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்ளும். பல்லிக்கு அது தெரியும், அங்கேயே காத்திருக்கும்.

*வௌவால் கடித்த மாம்பழத்தைச் சாப்பிடலாமா?* கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலையும் தொடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க் கிருமி வௌவாலிலும் இருக்கலாம்.

*அப்படியென்றால் வெடி கொளுத்தித் துரத்தலாமே?* இது வழமையாகப் பிள்ளை கேட்பதில்லை, பக்கத்தில் நிற்கும் அப்பா கேட்பார். பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும், அதையும் முதலில் தாய் நெஞ்சோடு கட்டிக்கொண்டு பறக்கும். பகலில் வெடி கொளுத்தினால் குட்டிகள் கீழே விழும். இலுப்பைக்கு மகரந்தம் காவுவதும், கொட்டைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் இதே வௌவால்தான். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், எட்டக்கூடிய குலைகளைக் காய் முற்றும்போதே பழைய சாக்கால் கட்டிவிடுங்கள். எட்டாத உச்சிக் கொப்பில் இருப்பது எப்படியும் உங்கள் கைக்கு வரப்போவதில்லை.